ரொட்டி டின்னுக்குள் ஒரு போன்

மாமாவுக்கு வீட்டில் போன் வைத்துக் கொடுத்தது நான்தான். அவருக்கு உதவித்தொகை கிடைக்காமல் போனதற்கும் நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அந்த ஆபிஸ்காரர்களைத் திட்டும்போது யாரும் குறுக்கே வரவேண்டிய அவசியம் இருக்காது.

எண்பதுகளின் கடைசி அது. நான் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலையில், கிராணியாக இருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "இது பத்தாது, இன்னொரு காப்பி வேணும்" என்று சொல்லும் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வீட்டின் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக இருந்தோம். மாமா, என் அம்மாவின் ஒரே தம்பி, கிள்ளானில் ரயில் பாதையை ஒட்டிய கம்பத்துக் குடியிருப்பில் ஒரு பலகை வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "லோரியக் கட்டிக்கிட்டேன்ல, போதாதா?" என்பார்.

அது பொய்யும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் லோரியில் கெலிண்டானாக இருந்தவர். டிரைவர் ஓட்டுவார், இவர் மூட்டை ஏற்றுவார், இறக்குவார், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கத்துவார். நாள்கூலி. சேமநிதியில் லோரி முதலாளியான தவுக்கே இவர் பெயரைச் சேர்க்கவே இல்லை. உடம்பு முடியாமல் நின்றபோது ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். அந்தக் கடிகாரத்தை மாமா நல்ல நாளில் மட்டும் கட்டுவார். "மொதலாளி கையால கொடுத்தது" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வராது.

மூட்டைத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. மழை வந்தால் இழுப்பு வரும். ஒரு தடவை மூன்று நாள் விடாமல் மழை. பக்கத்து வீட்டு அக்கா சொந்தக்காரர் கல்யாணம் என்று சுங்கை பூலோ போயிருந்தார். அவர் திரும்பி வந்து கதவைத் தட்டியபோதுதான் மாமா இரண்டு நாளாக எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. எனக்கு அதற்கு மறுநாள் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தால், மூக்கில் குழாயோடு, "ஆபிஸ் இல்லையா ஒனக்கு?" என்று கேட்டார்.

எங்களோடு வந்து இருக்கச் சொன்னேன். ஒரு மாதம் இருந்தார். தன் இருமலால் பிள்ளைகளின் தூக்கம் கெடுகிறது என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினார். மாதம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்கே போய்விட்டார். நான் தடுத்திருக்கலாம். பேருக்கு ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். இரண்டு அறையில் ஐந்து பேர் என்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

அதற்குப் பிறகுதான் போன். விண்ணப்பம் எழுதிப் போட்டு, ஏறக்குறைய ஒரு வருஷம் நடந்து, ஒரு வழியாகக் கம்பி இழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். வாடகையை நான் கட்டினேன். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: தினமும் பகல் ஒரு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், நான் ஆபிஸிலிருந்து கூப்பிடுவேன். மாமா எடுத்து, "சொல்லு மாப்ளே" என்பார். சொல்ல ஒன்றும் இருக்காது. "சாப்டீங்களா?" "சாப்டேன், நீ?" அவ்வளவுதான். வைத்துவிடுவோம்.

ஒருநாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பத்து தடவை அடிக்கவிட்டேன். மறுபடி அடித்தேன். பிறகு தலைமைக் கிராணியிடம் சொல்லாமல்கூடக் கிளம்பி, கிள்ளான் பஸ்ஸில் வேர்த்து விறுவிறுத்துப் போய் இறங்கினால், மாமா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். "கொல்லையில இருந்தேன்டா. வந்து எடுக்கறதுக்குள்ள நின்னு போச்சு." நான் கத்திய கத்தலில் அக்கா எட்டிப் பார்த்தார். அரைநாள் லீவு போனது, மறுநாள் எல்லார் முன்னாலும் திட்டும் விழுந்தது. அது தெரிந்ததும் மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "இனிமே எது எப்படி இருந்தாலும் எடுத்துருவேன் மாப்ளே. நீ இப்படி ஓடி வராத" என்றார். அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். அதுதான் வினையாகப் போயிற்று.

அடுத்த வருஷம் மூத்த பிள்ளை பள்ளிக்குப் போக ஆரம்பித்தான், வீட்டு வாடகையும் ஏறியது. மாமாவுக்கு நான் கொடுத்து வந்தது அரிசிக்கும் மருந்துக்கும் போதவில்லை. அவர் சொல்லமாட்டார். வீட்டுக்குப் போனபோது சட்டியைத் திறந்து பார்த்தேன், வெறும் கஞ்சி. வருமானம் இல்லாத முதியவர்களுக்கு அரசாங்கத்தில் மாத உதவித்தொகை உண்டு என்று ஆபிஸில் ஒருவர் சொன்னார். அது கிடைத்தால் அதைக் காட்டி போன் வாடகையையும் குறைத்துக்கொள்ளலாம், வயதானவர்களுக்கு ஏதோ சலுகை இருக்கிறதாம் என்றார். மாமாவிடம் நீல ஐ.சி., குடிமக்களுக்கான அடையாள அட்டை, இருந்தது. குடியுரிமை பற்றி ஒருவரும் வாய் திறக்க முடியாது. இவருக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

ஃபாரம் நிரப்பினேன். வீட்டைப் பார்க்க ஆபிசர் வருவார் என்றார்கள். நம்ம ஆளுதான், தமிழர், என்று வேறு தெரிந்தது. நான் செய்த முதல் முட்டாள்தனம், இதை மாமாவிடம் சொன்னது.

வீட்டுக்கு ஓர் ஆபிசர் வருகிறார், அதுவும் நம்ம ஆள். மாமா சும்மா இருப்பாரா? முதல் நாளே தரையைத் தேய்த்துக் கழுவினார். அக்கா வீட்டுப் பிரம்பு நாற்காலிகள் நான்கும் இந்த வீட்டுக்கு வந்தன. கூடவே ஒரு மேஜை விசிறி. சுவரில் புதுக் காலண்டர். போன்மீது அக்கா தன் கையால் பின்னிய வெள்ளை லேஸ் துணி, பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா. தட்டில் முறுக்கும் கேக்கும். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தவுக்கேயின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்பார்ப்பது போல வாசலில் நின்றார். இவை எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் ஆபிஸில் இருந்தேன்.

ஆபிசர் வந்தார். நல்ல மனிதர்தான். அங்கிள், அங்கிள் என்று மரியாதையாகப் பேசினாராம். ஆரஞ்சுத் தண்ணியைக் குடித்தார், முறுக்கும் சாப்பிட்டார். என்ன கேட்டாலும் மாமா, "ஒரு கொறையும் இல்ல சார், கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். நம்ம ஆள் முன்னால் போய்க் கையேந்துவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. இது போதாதென்று, "ஆபிஸுக்கு ஏதும் பேசணும்னா பேசுங்க சார், வீட்லயே போன் இருக்கு" என்று உபசாரம் வேறு. அந்த மனிதரும் லேஸ் துணியை விலக்கி, தன் ஆபிஸைக் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லிப் போயிருக்கிறார்.

"ரொம்ப நல்ல மாதிரிடா. போன்லாம் பேசிட்டுப் போனாரு" என்றார் மாமா அன்று சாயங்காலம்.

கடிதம் வந்தது. நிராகரிப்பு. வசதியான வீட்டுச் சாமான், தொலைபேசி.

நான் லீவு போட்டுக் கிள்ளான் உதவித்தொகை ஆபிஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போன் வைத்திருக்கிறவருக்கு எதற்கு உதவி என்று கேட்டாள். வாடகையை நான் கட்டுகிறேன், அவருக்கு இழுப்பு, தனியாக இருக்கிறார் என்று சொன்னேன். "அப்ப நீங்களே பாத்துக்கலாமே, அண்ணே" என்றாள். நியாயமாகப் பேசுவது போலவே இருந்தது. அங்கிருந்து நேராக போன் ஆபிஸுக்குப் போனேன். வயதானவர், வருமானம் இல்லை, வாடகையைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். கேட்டுப் பார்க்கலாம், முதலில் உதவித்தொகை வாங்குகிறார் என்று கடிதம் கொண்டு வாருங்கள் என்றார் அங்கிருந்தவர்.

போன் இருப்பதால் உதவித்தொகை கிடையாது. உதவித்தொகை இல்லாததால் போன் வாடகை குறையாது. இரண்டு ஆபிஸுக்கும் நடுவில் ஒரு பெரிய கால்வாய், அதன் ஓரமாகத்தான் நடந்து வந்தேன். அதில் குதித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பஸ்ஸில் வரும்போது எல்லாரையும் மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிரிக்பீல்ட்ஸில் இறங்கும்போதுதான், நாளைக் காலை நானும் ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து யாரிடமோ இதையேதான் சொல்லப் போகிறேன் என்று உறைத்தது. அதனால் கோபம் குறைந்ததா என்றால், இல்லை.

போனை எடுத்துவிடலாமா என்று மாமாவைக் கேட்டேன். அவர் போன்மீதிருந்த லேஸ் துணியைச் சரிசெய்தார்.

இரண்டாம் தடவை விண்ணப்பித்தபோது நான் வேறு ஆளாகிவிட்டிருந்தேன். தொலைபேசி உண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். கீழே, படிவத்தை நிரப்ப உதவியவர் பெயர், வேலை, கையெழுத்து. அரசாங்க வேலையில் இருப்பவன் பொய் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். போட்டுவிட்டு, "இது மட்டும் தெரிஞ்சுது, என் வேலைக்கே உலைதான்" என்று சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. "எந்த எடத்துல ஒன் பேரு இருக்கு?" என்று கேட்டார். மாமாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. காட்டினேன். அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபிசர் வரும் தேதி வந்தது, காலை பத்து மணிக்கு. அதே ஆள்தான். முதல் தடவை பேசிய போன் என்ன ஆயிற்று என்று கேட்டால், எடுத்தாயிற்று என்று சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை நாற்காலி கிடையாது, விசிறி கிடையாது, கேக் கிடையாது, பழைய பனியன் போதும் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். போனைக் கழற்ற முடியாது. கம்பியைச் சுவரோடு அடித்துவிட்டிருந்தார்கள். அதனால் அரிசி போடும் பெரிய ரொட்டி டின்னைக் காலிசெய்து, போனை உள்ளே இறக்கி, மூடியைச் சாய்த்து வைத்து, மேலே கோணிச் சாக்கைப் போட்டு மூடச் சொன்னேன். ரிசீவரைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டால் மணியும் அடிக்காது. "சாயங்காலம் வரைக்கும் நான் கூப்பிட மாட்டேன், மறந்துராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். மாமா தலையை ஆட்டினார்.

அன்று காலை எனக்கு ஆபிஸில் இருப்பே கொள்ளவில்லை. பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றுக்காவது வந்து போயிருப்பார். என்ன கேட்டாரோ, மாமா பழையபடி ஒரு கொறையும் இல்ல என்று சொல்லித் தொலைத்தாரோ? ரிசீவர்தான் கீழே இருக்கிறதே, அடித்தால் என்ன கெட்டுவிடும், எங்கேஜ்டு டோன்தானே கேட்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஒரு மணிக்குக் கை தானாக நம்பரைச் சுற்றியது.

எங்கேஜ்டு இல்லை. மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. வைத்துவிட வேண்டும் என்று தெரிந்தும் நான் வைக்கவில்லை. ஏழாவது மணியில் எடுத்தார்.

"ஆபிசர் வந்திருக்காரு. நான் நல்லா இருக்கேன். வெய்யி."

வைத்துவிட்டார். மாப்ளே என்று ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு கோபமா என் மேல் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கிள்ளானுக்கு ஓடினேன். நடந்ததை அக்காதான் சொன்னார், சிரிப்பை அடக்க முடியாமல். ஆபிசர் பத்து மணிக்கு வரவே இல்லை. பன்னிரண்டரை வரைக்கும் மாமா பழைய பனியனோடு காத்திருந்தார். இனி வரமாட்டார் என்று முடிவு செய்து, டின்னுக்குள் கையை விட்டு ரிசீவரை எடுத்து வைத்துவிட்டார். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆபிசரின் மோட்டார் காடி வந்து நின்றது. கம்பத்தில் வேறு ஒரு வீட்டில் நேரமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டாராம். அவர் எதிரில் கைநீட்டி ரிசீவரைத் திரும்பத் தூக்க முடியுமா? அவர் தரையில் பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போது மூலையில் ரொட்டி டின் அடிக்க ஆரம்பித்தது.

"சும்மா அடிக்கல தம்பி, டின்னு முழுக்க அதிருது! எங்க வீட்டுக்குக் கேக்குது, கோயில் மணி மாதிரி" என்றார் அக்கா. ஆபிசர் எழுதுவதை நிறுத்திவிட்டு டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு மாமா எழுந்து போய், சாக்கை எடுத்து, மூடியை எடுத்து, ரிசீவரைக் காதில் வைத்திருக்கிறார்.

நான் பொறுமையை இழந்துவிட்டேன். அவர் சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டிருக்க, பின்னால் நின்று கத்தினேன். "எதுக்கு எடுத்து வச்சீங்க? நான்தான் கூப்பிட மாட்டேன்னு சொன்னேன்ல?"

"நீ கூப்பிடாம இருக்க மாட்டேன்னு தெரியும்" என்றார் திரும்பாமல். "ஒரு மணிக்கு அடிச்சுப் பாத்து எங்கேஜ்டுன்னு வந்தா, எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனப்ப."

"சரி, அடிச்சுது. விட்டுற வேண்டியதுதானே? எதையாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். எதுக்கு எடுத்தீங்க?"

"எடுக்கலன்னா நீ ஓடி வந்துருவியே."

இருந்தாலும் நான் விடவில்லை. ஆபிசரைத் திட்டினேன், நேரத்துக்கு வரத் தெரியாதவன் என்றேன். அரசாங்கத்தைத் திட்டினேன். கடைசியில் மாமாவையும், உங்களுக்கு எல்லாம் செய்து கொடுத்தும் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மாமா கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பல வாரங்கள் அவர் சரியாகப் பேசவில்லை. ஒரு மணிக்குக் கூப்பிட்டால் எடுத்து, "ம்" என்பார். சாப்டீங்களா என்றால் "ம்". கடுதாசி அங்க வந்துச்சா என்று ஒவ்வொரு நாளும் அவரே கேட்பார். பணத்துக்காக இத்தனை ஏங்குகிறாரே என்று மனது கஷ்டப்படும். கூடவே, நான் கத்தியது அவர் மனதில் தைத்துவிட்டது, அதனால்தான் மாப்ளே என்ற வார்த்தையே வருவதில்லை என்றும் தோன்றும். என்னை மன்னித்துவிடுங்கள் மாமா என்று சொல்ல எத்தனையோ தடவை வாய் எடுத்து, சாப்டீங்களா என்றே கேட்டு முடித்தேன்.

கடிதம் கிள்ளான் விலாசத்துக்குத்தான் வந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் நான் போயிருந்தபோது, பிரிக்காத உறையை என்னிடம் நீட்டினார். அக்கா வீட்டுப் பையன் படித்துச் சொல்லியிருப்பான், ஆனால் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், காரணம் தெரியவில்லை. நாற்காலி இல்லாததால் இருவரும் பாயில் உட்கார்ந்தோம்.

படித்தேன். நான்கு வரிதான். மறுபரிசீலனைக்குப் பிறகும் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. விண்ணப்பதாரர் வீட்டில் பயன்பாட்டில் உள்ள தொலைபேசி இருப்பது நேரில் உறுதி செய்யப்பட்டது.

"கெடைக்கல மாமா" என்றேன்.

"அது கெடக்கட்டும். போன் இருக்குன்னு எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

"போன் இல்லன்னு பொய் எழுதிட்டாங்கன்னு?"

"அப்படி ஒன்னும் இல்ல."

"யாரு கூப்பிட்டதுன்னு?"

"இல்ல."

"நல்லாப் பாரு. ஒன் பேரு எங்கயாச்சும் இருக்கா?"

மறுபடி மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். "இல்ல மாமா. எங்கயும் இல்ல."

மாமா நீளமாக மூச்சுவிட்டார். நெஞ்சில் இழுப்பு விசில் அடித்து அடங்கியது. பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"யாரு அங்கிள் போன்லன்னு கேட்டாரு. ராங் நம்பருன்னுட்டேன்" என்றார். "ஆபிசர் வந்திருக்காருன்னு ராங் நம்பருக்கு யாராச்சும் சொல்வாங்களா? அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனாலும் மாப்ளேன்னு நான் சொல்லல பாத்தியா. வாய் வரைக்கும் வந்துருச்சு, முழுங்கிட்டேன். கவர்மெண்டுல போன்லாம் ஒட்டுக் கேப்பாங்களாம்லா, கூட லோரி ஓட்டுனவன் சொன்னான். கடுதாசி வர்ற வரைக்கும் ஒரு நாளும் சொல்லல."

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்து, கடிகாரம் வைக்கும் பெட்டிக்குள் வைத்தார். பிறகு ரொட்டி டின்னைத் துடைத்து, பையில் நான் கொண்டு போயிருந்த அரிசியைக் கொட்டினார். நான் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை ஒரு மணிக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லு மாப்ளே" என்றார்.